சேஃபா ஆறு கஜம், நைரா நாலு கஜம்

நவம்பர் 18, சனி

இன்று முதல் எனக்குச் சாக்பீஸ் கிடையாது. அம்மாவின் தீர்ப்பு. மேல்முறையீட்டுக்கு அப்பாவும் ஊரில் இல்லை. பராக்கூ ரோட்டில் வெங்காய லாரியோடு இருக்கிறார்.

எல்லை கேட்டுக்குப் பக்கத்தில் அம்மா குடை விரித்து, எங்கள் பக்கத்துச் சேஃபாவையும் அந்தப் பக்கத்து நைராவையும் மாற்றிக் கொடுக்கும் மேஜை. அதில் சாய்த்திருக்கும் பலகையில் காலையில் ரேட் எழுதுவது என் வேலை. 'ஆயிரம் சேஃபா = 1,900 நைரா' என்று ஒழுங்காகத்தான் எழுதினேன். அதற்குக் கீழே 'ஒரு மாப்பிள்ளை, ஏற்கெனவே ஓடியது, நல்ல கண்டிஷன், விலை பேசிக்கொள்ளலாம்' என்றும் எழுதினேன். அக்காவைக் கட்டப்போகிற வசியு அத்தான் எல்லைக்கு அந்தப் பக்கம் இதிரோக்கோவில் பழைய கார் சாமான் விற்கிறார். வேறு எப்படி எழுதுவது?

அத்தான் சிரித்தார். கூட வந்த அவருடைய அம்மா ஆல்ஹாஜா சிரிக்கவில்லை. "ரிஸ்கா, உன் தங்கச்சி வாயை எந்த ரேட்டுக்கு மாத்தலாம்?" என்று அக்காவிடம் கேட்டார். "யாரும் வாங்க மாட்டாங்க ஆல்ஹாஜா, செல்லாத நோட்டு" என்றாள் அக்கா. சொந்த அக்கா.

தேதி முடிவாகிவிட்டது. நோன்புப் பெருநாள் கழிந்து, ஏப்ரல் 27.

கிளம்பும்போது ஆல்ஹாஜா அம்மாவிடம், "நாங்க லேஸ் எடுத்துக்கறோம். உங்க பக்கம் கோட்டோனூ வாக்ஸ்தானே? சேஃபா ஊர்ப் பொண்ணுன்னா எங்க ஆளுங்க முதல்ல துணியத்தான் பாப்பாங்க" என்றார். தேன் தடவித்தான் சொன்னார். உள்ளே ஊசி இருந்தது.

டிசம்பர் 3, ஞாயிறு

வீடு நிறையப் பெண்கள். நைரா பக்கத்து அபெயோக்குத்தாவிலிருந்து அம்மா வழி உறவு ஒரு வேன் நிறைய வந்து, வறுத்த கிழங்கை எல்லாம் காலி செய்துவிட்டுத் துணிப் பணம் கொடுத்தார்கள். பெண் வீட்டார் எல்லோரும் ஒரே துணியில் வர வேண்டும். அவரவர் பங்கை அவரவர் கட்ட வேண்டும். ஒரு பங்குக்கு ஆறு கஜம் வாக்ஸ், மெழுகு அச்சுப் போட்ட பருத்தித் துணி. கோட்டோனூவில் பதினேழாயிரம் சேஃபா. நைராவில் முப்பத்து மூவாயிரம் என்று அம்மா கணக்குச் சொன்னாள். எங்கள் உறவில் முக்கால்வாசி நைரா பக்கம்தான்.

அம்மா ஒவ்வொருவர் பணத்தையும் தனித்தனித் துணிக் கிழிசலில் முடிந்து பால் பவுடர் டப்பாவில் போட்டாள். "இன்னைக்கே மாத்திடலாமே, ரேட் நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"அது மாத்துற பணம் இல்ல."

"நம்ம வீட்ல பணம்னாலே மாத்துறதுதானே?"

"முயிபா, இது அமானிதம், நம்பிக் குடுத்து வச்ச பணம். எந்த நோட்டா கைல வாங்கினேனோ, அதே நோட்டா கடைக்குப் போகணும்."

இருபது வருடமாக ஊர் நோட்டையெல்லாம் மாற்றுகிறவள், வீட்டுக் கல்யாண நோட்டைத் தொட மாட்டாளாம். எல்லாரும் கொடுத்து முடித்த பிறகு ஒரே துணிக்கட்டிலிருந்து எல்லாருக்கும் எடுப்பார்கள். இல்லாவிட்டால் சாயம் ஆளுக்கு ஒரு மாதிரி இருக்கும். லாகோஸ் சித்தி வழக்கம்போலக் கடைசி. "அடுத்த வாரம்" என்றிருக்கிறாள். அவள் வாரத்துக்கு எத்தனை நாள் என்று யாருக்கும் தெரியாது.

ஜனவரி 17, புதன்

ரேட் 2,150.

வகுப்பில் ரேட்டைக் கஜமாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்து மூவாயிரம் நைராவுக்கு இப்போது ஐந்தரைக் கஜம்கூட வராது. இது யாருக்கும் உறைக்கவில்லையா? அம்மாவுக்கு உறைக்காமல் இருக்காது. டப்பா அப்படியே இருக்கிறது.

பேனா மூடியைக் கடித்தே கொன்றுவிட்டேன்.

ஜனவரி 31, புதன்

2,400. ஐந்து கஜம் இல்லை.

அம்மாவுக்கு அடுத்த மேஜை கனியு மாமா. போனைக் காதில் வைத்தபடியே தூங்கக்கூடியவர். லாகோஸில் ஒருவன் தும்மினால் இவருக்கு ரேட் தெரிந்துவிடும். பள்ளி விட்டதும் அவரிடம்தான் போனேன்.

"மாமா, இன்னும் விழுமா?"

"எங்கப்பா காலத்துல ஒரு நைரா குடுத்தா முந்நூறு சேஃபா வாங்கலாம். ஒத்த நைரா. நைரா வச்சிருந்தவன் இந்தப் பக்கம் வந்தா நாற்காலி போட்டு உக்கார வைப்போம்."

"இப்ப?"

"இப்ப நாற்காலியோட வந்தாலும் நின்னுட்டுதான் போகணும்."

"விழுமான்னு கேட்டேன்."

"விழறதுக்கு இன்னும் இடம் இருக்குல்ல. விழும்."

சரிவு என்ற சொல்லுக்குள் ஒரு 'சரி' இருக்கிறது. அதைத் தவிர எதுவும் சரியாக இல்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

பள்ளிக்குப் போனேன். உடம்பு மட்டும்.

பிப்ரவரி 10, சனி

போர்ட்டோ நோவோவிலிருந்து சிக்கிரா பெரியம்மா வந்தாள். அம்மாவுக்கு அக்கா. வந்ததும் வராததுமாக, "டப்பாவக் காட்டு" என்றாள். அம்மா காட்டினாள். முடிச்செல்லாம் அப்படியே.

"மாத்தலையா?"

"மாத்தல."

"நல்லது" என்றாள் பெரியம்மா. நல்லதா? ஒரு கஜத்துக்கு மேல் காணாமல் போயிருக்கிறது, நல்லதா?

கேட்டேவிட்டேன். அப்போதுதான் கதை வெளியே வந்தது.

பெரியம்மாவுக்கு நிக்காஹ் 1994 ஜனவரி கடைசியில். துணிப் பணத்தைத் தாத்தா வாங்கி வைத்தார். அவரும் இதே எல்லையில் நோட்டு மாற்றியவர்தான். அப்போதும் நைராதான் விழுந்துகொண்டே இருந்தது. சேஃபாவை யாரும் அசைக்க முடியாது என்று நினைத்திருந்தார்கள். தாத்தா புத்திசாலித்தனமாக, வந்த நைராவை அன்றன்றைக்கே சேஃபாவாக மாற்றி வைத்தார். ஜனவரி நடுவில் ஒரு நாள் ரேடியோவில் சொன்னார்கள், சேஃபா பாதியாகிவிட்டது என்று. படிப்படியாக அல்ல. ஒரே அறிவிப்பு. மறுநாளே கோட்டோனூ துணிக்கடையில் விலையெல்லாம் இரண்டு மடங்கு.

"நைராவா விட்டிருந்தா அதே துணி வந்திருக்கும். சொந்தக்காரங்க வந்து நின்னாங்க. 'நாங்க நைரா குடுத்தோம், நீ எதுக்குத் தொட்ட?'ன்னு. 'தின்னுட்டான்'னும் சொன்னாங்க" என்றாள் பெரியம்மா. "பாதிப் பேருக்குத்தான் துணி. மீதிப் பேரு கிடைச்சதக் கட்டிட்டு வந்தாங்க."

போட்டோவைக் காட்டினாள். பைக்குள்ளேயே வைத்திருக்கிறாள். பெரியம்மா நடுவில்; அவளுக்கு வலது பக்கம் எல்லாம் பச்சை வாக்ஸ், இடது பக்கம் திருவிழாக் கடைபோல ஆளுக்கொரு நிறம். தாத்தா படத்தில் இல்லை.

"அப்புறம் அவர் யார் கல்யாணத்துக்கும் போகல" என்றாள் அம்மா.

ஆக, மாற்றினதால் ஒரு தடவை அடி. அதனால் மாற்றாதே என்று ஒரு சட்டம். இப்போது மாற்றாததால் அடி. இதை நான் சத்தமாகச் சொல்லவில்லை. எனக்கே ஆச்சரியம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

3,000.

நாலு கஜம்கூட இல்லை. கடவுளே, துணி சுருங்குவது துவைத்தால்தானே?

வீட்டில் ஒரே சத்தம். பெரியம்மா ஆளுக்கு இன்னும் பதினெட்டாயிரம் நைரா கேட்கலாம் என்கிறாள். அம்மா, "கேட்டா என்ன சொல்லுவாங்கன்னு உனக்குத் தெரியாதா? நானும் அப்பா மாதிரி வீட்டுக்குள்ள உக்காரவா?" என்றாள். மட்டமான துணி எடுத்தால் ஆல்ஹாஜா வீட்டார் அங்கேயே சிரிப்பார்கள். தள்ளிப்போடலாமா என்று அம்மா கேட்டதும் அக்கா எழுந்து போய்த் தண்ணீர்ப் பானையைத் தேய்க்க ஆரம்பித்தாள். காலையில்தான் தேய்த்தது.

இந்த நேரம் பார்த்து லாகோஸ் சித்தி போன். "அக்கா, முப்பத்து மூவாயிரம் அனுப்பிட்டேன். பாத்தியா, சொன்ன சொல் தவற மாட்டேன்." அம்மா நன்றி சொன்னாள். நான் அடுக்களைக்குள் போய்த் துண்டைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகு அழுகையா சிரிப்பா என்று எனக்கே புரியவில்லை.

இன்றைக்கு அம்மா ஒரு டிரைவருக்கு மீதி தப்பாகக் கொடுத்தாள். அம்மா. தப்பாக.

பிப்ரவரி 21, புதன்

எங்கள் பொருளாதார வாத்தியார் மோட்டார் சைக்கிள் டாக்ஸியில் எல்லையைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். முதுகில் நாலு பிளாஸ்டிக் நாற்காலி. மடியில் தக்காளிக் கூடை. ஆமை சந்தைக்குப் போய்த் திரும்பியதுபோல இருந்தது.

"சார், அந்தப் பக்கம் கடையே பாக்கி இல்லையா?"

"எல்லாம் அடிமாட்டு விலைம்மா. நைராவுல வாங்கினா பாதிக் காசு" என்றார். மூச்சு வாங்கியது.

அவர் போன பிறகும் நான் அங்கேயே நின்றேன். ஊர் முழுக்கச் சேஃபாவை நைராவாக்கி அந்தப் பக்கம் ஓடுகிறது. எங்கள் வீட்டு டப்பா ஒன்றுதான் நைராவைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் உட்கார்ந்து அழுகிறது. எதற்காக அதை இங்கே மாற்ற வேண்டும்? மாற்றினால்தானே நஷ்டம்?

ஓடினேன். ஒரு செருப்பு அறுந்தது.

"அம்மா, நைராவ நைராவாவே செலவு பண்ணலாம். அபெயோக்குத்தாவுல அவுரி நீலம் முக்கின துணி எடுக்கலாம். அங்கயே முக்குறது, அங்கயே விக்கிறது. நோட்டு அப்படியே போகும். நீ சொன்ன மாதிரியே."

அம்மா ஒரு லாரிக்காரருக்கு எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்தாள். கொடுத்தாள். பிறகு, "ஆல்ஹாஜா?" என்றாள்.

அது ஒன்றுதான் கேள்வி. ஆனால் பெரிய கேள்வி. கோட்டோனூ வாக்ஸுக்குக் காத்திருக்கிறவரிடம் போய், உங்கள் ஊர்த் துணியையே கட்டி வருகிறோம் என்று எப்படிச் சொல்வது?

கனியு மாமா போனைக் காதிலிருந்து எடுக்காமலே, "புள்ள சொல்றதுல வட்டம் இல்ல, நேர்க்கோடு" என்றார். அவர் யாரோடு பேசிக்கொண்டிருந்தாரோ, அவருக்கு என்ன புரிந்ததோ.

பிப்ரவரி 25, ஞாயிறு

அபெயோக்குத்தா. அம்மா, அக்கா, நான், டப்பா.

சாயம் முக்குகிற அம்மாளின் கை முழங்கை வரைக்கும் நீலம். அக்கா ஒவ்வொரு துணியாக எடுத்துத் தோளில் போட்டுப் பார்த்தாள்; நிலாப் பொட்டுப் போட்ட ஒன்றைப் போட்டவள் திரும்ப எடுக்கவில்லை. அதற்கே சரி என்றோம். ஆறு கஜம் இருபத்தேழாயிரம் நைரா. ஆளுக்கு ஆறாயிரம் மீதி.

அம்மா முடிச்சு ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். இது பஸீரா பங்கு, இது லாகோஸ்காரி பங்கு என்று பெயர் சொல்லி எடுத்துக் கொடுத்தாள். மீதியை அதே கிழிசலில் திரும்ப முடிந்தாள். கடைக்கார அம்மாள், "ஒரு கட்டாக் குடுத்தா ஆகாதா?" என்றார். "ஆகாது" என்றாள் அம்மா. இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அவள் தோள் கீழே இறங்கியது.

மொத்தத் துணியையும் இனிமேல்தான் முக்கித் தருவார்கள். மாதிரிக்கு மட்டும் இரண்டு கஜம் வாங்கி வந்தேன். அம்மாவிடம், "ஆல்ஹாஜாவ என்கிட்ட விடு" என்றேன்.

"விட மாட்டேன்" என்றாள்.

மார்ச் 16, சனி

விடவில்லைதான். நானே போய்விட்டேன்.

நோன்பு ஆறாம் நாள். ஆல்ஹாஜா வீட்டுக்கு நோன்பு திறக்கக் காராமணி வடை கொடுத்துவிட்டு வா என்று அனுப்பியது அம்மாதான். இடுப்பில் எதைக் கட்டிக்கொண்டு போ என்று சொல்லவில்லை. நிலாப் பொட்டுத் துணியைக் கட்டிக்கொண்டேன். அதன் மேல் பழைய சால்வையைச் சுற்றிக்கொண்டு, நடக்கும்போது மட்டும் நீலம் எட்டிப் பார்க்கும்படி நடந்தேன்.

"அது என்ன துணி?" என்றார் ஆல்ஹாஜா.

"எது?" சால்வையை இழுத்து மூடினேன்.

"மூடாத. காட்டு."

"அம்மா கொன்னுடுவாங்க ஆல்ஹாஜா. பொண்ணு வீட்டுத் துணி. கல்யாணத்தன்னிக்குத்தான் வெளியே தெரியணும்னு சொல்லிருக்காங்க."

"வாக்ஸ் இல்லையா?"

"வாக்ஸ் எல்லாரும் கட்டறாங்களே." இதைச் சொல்லும்போது லேசாகக் கொட்டாவி விட்டேன். நோன்பு நாளில் கொட்டாவியை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். "இது கையால கட்டி, கையால முக்கினது. நாள் கணக்காகும். ஒரு குடும்பத்துக்கு மேல போட மாட்டேன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க."

கடைசி வாக்கியம் சுத்தப் பொய். நோன்போடு பொய். திறக்கும்போது மன்னிப்புக்காகக் கூடுதலாக ஒரு துஆ கேட்டேன்.

ஆல்ஹாஜா துணியின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். வடை ஆறியது.

மார்ச் 19, செவ்வாய்

ஆல்ஹாஜா அபெயோக்குத்தாவுக்கே நேரில் போய்விட்டார். லேஸ் வேண்டாமாம். அவர்கள் வீட்டுக்கும் நிலாப் பொட்டுதானாம். கட்டம் மட்டும் வேறு. "ஒரு குடும்பத்துக்கு மேல போட மாட்டியாமே? நான் எத்தன குடும்பத்துக்குக் காசு குடுக்கணும், சொல்லு" என்று கேட்டாராம். அந்தம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் காசு புரிந்தது.

சாயக்கார அம்மாள் போன் செய்து, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து முக்கினால் அலசிக் காயவைக்க நாள் போதாது என்று புலம்பினார். "அலசாமலேயே குடுங்க" என்று நான்தான் சொன்னேன். அம்மா பக்கத்தில் இல்லை.

மார்ச் 29, வெள்ளி

2,150. மேலே வருகிறதே!

ஏப்ரல் 12, வெள்ளி

பெருநாள் முடிந்தது. வயிறு இன்னும் பெருநாளில்தான் இருக்கிறது.

ரேட் 1,850. முப்பத்து மூவாயிரத்துக்கு ஆறு கஜத்துக்கு மேலேயே வரும். நைராவே, நீ எங்கே இருந்தாய் இவ்வளவு நாள்?

சிக்கிரா பெரியம்மா புது அவுரித் துணியை மடியில் வைத்துக்கொண்டு, "பாத்தியா? பொறுத்திருந்தா வாக்ஸே எடுத்திருக்கலாம்" என்றாள்.

"பொறுத்திருந்தா யாரு தைப்பா? இன்னைக்குத் துணி எடுத்து, நாளைக்குக் கட்டிக்க முடியுமா?" என்றாள் அம்மா. சண்டை போடுகிற குரல் இல்லை. தலை பின்னிக்கொள்ளும்போது பேசுகிற குரல்.

நான் தையல்காரி வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நாலு தடவை நடந்தேன். ஒரு தடவைதான் வேலை இருந்தது.

ஏப்ரல் 28, ஞாயிறு

நேற்று நிக்காஹ் முடிந்தது. கை இன்னும் நீலம். இந்தப் பக்கத்தின் ஓரம்கூட நீலமாகிவிட்டது. துடைத்தால் இன்னும் பரவுகிறது.

நிக்காஹ் நடக்கும்வரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. நீலம் பூத்த தோட்டம்போல இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். ஆல்ஹாஜாவின் தலைக்கட்டு மட்டும் ஒரு வீட்டு உயரம். பிறகு மேளக்காரர்கள் ஆரம்பித்தார்கள். ஏப்ரல் வெயில். ஆட்டம். அக்கா நடுவில் ஆட, ஒவ்வொருவராக வந்து அவள் நெற்றியில் நோட்டு ஒட்டினார்கள். அந்தப் பக்கத்தார் நைரா, இந்தப் பக்கத்தார் சேஃபா, வியர்வையில் எல்லாம் ஒட்டியது.

அப்புறம்தான் பார்த்தேன். ஆல்ஹாஜாவின் கழுத்து நீலம். வசியு அத்தானின் காது நீலம். அக்காவின் நெற்றியில் ஒட்டின நோட்டெல்லாம் கட்டை விரல் கட்டை விரலாக நீலம். அலசாத சாயம் வியர்வையோடு சேர்ந்து ஊரையே முக்கி எடுத்துக்கொண்டிருந்தது.

ஒரு நொடி யாரும் ஆடவில்லை. ஆல்ஹாஜா தன் உள்ளங்கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கனியு மாமாவின் முதுகுக்குப் பின்னால் போனேன்.

"இந்தப் புள்ளைக்கு எந்த ரேட் குடுக்கறது?" என்றார் ஆல்ஹாஜா. பிறகு அந்தக் கையாலேயே என் கன்னத்தில் ஒரு நோட்டை ஒட்டினார். ஐந்நூறு நைரா. அழுத்தித்தான் ஒட்டினார். வலித்தது.

அபெயோக்குத்தா அத்தைகளுக்கு அம்மா மீதியைக் கொடுத்தாள், கிழிசலோடு. பஸீரா அத்தை முடிச்சை அவிழ்க்காமலே ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

குடும்பப் படம் எடுக்கும்போது சிக்கிரா பெரியம்மா எல்லாரையும் தள்ளித் தள்ளி நடுவில் நெருக்கி நிற்க வைத்தாள். படம் எடுத்ததும் போனைப் பிடுங்கிப் பார்த்தாள். "என் கல்யாணத்துல துணியே ரெண்டு கட்சி. இங்க மூஞ்சிகூட ஒரே கட்சி" என்றாள். ரொம்ப நேரம் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

மே 2, வியாழன்

நெற்றி நோட்டையெல்லாம் அக்காவும் அத்தானும் எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்கு மெத்தை, அடுப்பு வாங்கிவிட்டார்கள். இதிரோக்கோ கடைக்காரர்கள் கையிலெல்லாம் இப்போது நீல நோட்டு. எல்லைக்கு வந்தால் மாற்றுகிறவர்கள் சிரிக்கிறார்கள். "ரிஸ்கா நோட்டு" என்று பெயரே வைத்துவிட்டார்கள். ரேட்டில் எதையும் குறைப்பதில்லை. கனியு மாமா ஒருவர் மட்டும், "கல்யாணச் சாப்பாடு வாசனை இருக்கு, கூடத் தரணும்" என்று எல்லாரிடமும் வம்பு செய்கிறார்.

மே 20, திங்கள்

அக்கா இல்லாத வீட்டில் தண்ணீர்ப் பானையை யாரும் தேய்ப்பதில்லை. நான் தேய்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஜூன் 6, வியாழன்

சாக்பீஸ் திரும்பக் கிடைத்துவிட்டது. காலையில் நான்தான் பலகை எழுதினேன். ஆயிரம் சேஃபா = 2,450 நைரா. கீழே எதுவும் எழுதவில்லை. கொஞ்சம் இடம் விட்டேன்.

மத்தியானம் கானோ பக்கத்திலிருந்து மாட்டு லாரி ஓட்டி வந்த ஒரு பெரியவர் நைராக் கட்டு ஒன்றை மேஜையில் வைத்தார். எங்கள் பாஷை அவருக்கு வராது, விரலால்தான் பேசினார். அம்மா எண்ணிக்கொண்டே வந்தவள் ஓர் ஆயிரம் நைரா நோட்டில் நின்றாள். ஓரத்தில் ஒரு கட்டை விரல். நீலம்.

கானோ வரைக்கும் போயிருக்கிறது. திரும்பியும் வந்துவிட்டது.

பெரியவர் பதறிப் போனார். அழுக்கு நோட்டு, ஒதுக்குகிறார்கள் என்று நினைத்தார். வேறு நோட்டுத் தேடிச் சட்டைப் பையைத் தடவினார். அம்மா அவர் கையைப் பிடித்து நிறுத்தி, பலகையைக் காட்டி, முழு ரேட்டுக்கும் சேஃபா எண்ணிக் கொடுத்தாள்.

அந்த நோட்டு மட்டும் மற்ற நோட்டுகளின் கட்டுக்குள் போகவில்லை.

"அது என்ன, மாத்துற பணம் இல்லையா?" என்று கேட்டேன்.

அம்மா மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அதைச் செருகி, விரல் ரேகை மேலே தெரியும்படி நகர்த்தி வைத்தாள். "அடுத்த ஆளு நிக்கறார் பாரு" என்றாள்.